கோடைக்கால இசை நடத்துநர் பட்டறைக்குத் தயாராவது எப்படி: மும்பையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தக் கற்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு முதலில் எட்டும் வாசல், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் கோடைப் பட்டறைகள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பியானோவோ வயலினோ கற்றுத் தேறிய பிறகு அடுத்தது என்ன என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள இசைத்தாள்) வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதும், விண்ணப்பத்துக்கு உதவுவதும், திரும்பி வந்ததும் கூட உட்கார்ந்து வீடியோ பார்ப்பதும் என் வேலையில் ஒரு பங்கு. அநேகமாக எல்லோரும் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் பேட்டன், அதாவது நடத்துநர் கையில் பிடிக்கும் கோல், வாங்குகிறார்கள். அடுத்து வீடியோ எடுக்கிறார்கள், விண்ணப்பிக்கிறார்கள். இடம் கிடைத்த பிறகு ஸ்கோரைத் திறக்கிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் பணமும் மிச்சம், அங்கே கிடைக்கும் நிமிடங்களும் வீணாகாது.

விண்ணப்பங்களின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வரும். அடுத்த ஆண்டு ஜூலையில் போக வேண்டுமானால், இந்த ஆண்டு மழைக்காலத்திலேயே முதல் படியைத் தொடங்கிவிட வேண்டும்.

1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

ஒரு வாத்தியத்தில் நல்ல தேர்ச்சி வேண்டும். எந்த வாத்தியமாக இருந்தாலும் சரி. குழுவில் உட்கார்ந்து வாசித்த அனுபவம் இல்லாதவருக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நடத்துநரிடமிருந்து என்ன தேவை என்பது புரியாது. தனியாகவே வாசித்துப் பழகியவர்கள் முதலில் ஏதாவது ஒரு குழுவில் ஒரு பருவமாவது வாசித்துவிட்டு வாருங்கள்.

ஏபிஆர்எஸ்எம் என்ற இங்கிலாந்து இசைத் தேர்வின் ஐந்தாம் கிரேடு தியரி அளவுக்கு எழுத்தறிவு வேண்டும். கிளெஃப் என்பது எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று வரியின் தொடக்கத்தில் காட்டும் குறி. ஆல்ட்டோ கிளெஃப், டெனர் கிளெஃப், எழுதிய சுரம் ஒன்றாகவும் ஒலிக்கும் சுரம் வேறாகவும் இருக்கும் வாத்தியங்கள் ஆகிய மூன்றும் அதற்குள் வந்துவிடும். வயோலா ஆல்ட்டோ கிளெஃபில்தான் எழுதப்படுகிறது. அதைத் தயங்காமல் வாசிக்க வராவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி உங்களுக்கு இருட்டாகவே இருக்கும்.

கீபோர்டில் இரண்டு வரிகளைச் சேர்த்து மெதுவாகவாவது வாசிக்க வர வேண்டும். பியானோ கலைஞர் ஆகவேண்டிய அவசியம் இல்லை.

2. எந்தப் பட்டறை என்று முடிவு செய்வது

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள பியர் மோந்தூ பள்ளி ஆறு வாரம் நடக்கிறது. எஸ்தோனியாவின் பர்னு நகரில் யார்வி அகாடமி, இத்தாலியின் சியெனாவில் கிஜியானா அகாடமி, இங்கிலாந்தின் ஷெர்போர்ன் கோடைப் பள்ளி, ஆஸ்பென் இசை விழாவின் பயிற்சி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தரத்தினருக்கானது. ஷெர்போர்ன் போன்ற இடங்களில் புதியவர்களுக்கும் இடமுண்டு. ஆஸ்பென் போன்ற இடங்களுக்கு ஏற்கெனவே மேடை ஏறியவர்களோடு போட்டியிட வேண்டும்.

பெரும்பாலான பட்டறைகளில் இரண்டு வகைச் சேர்க்கை உண்டு: மேடையேறி நடத்துகிறவர், உட்கார்ந்து கவனிக்கிறவர். முதல் முறை போகிறவருக்குக் கவனிக்கிறவர் இடம் கிடைத்தால் அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். கட்டணம் குறைவு. பத்துப் பேர் செய்யும் பத்து விதமான பிழைகளை ஸ்கோரோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

தேர்ந்தெடுக்கும்போது நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை, ஆசிரியரின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டுவது. மின்னஞ்சலில் நான்கு விஷயம் கேளுங்கள். மேடையேறுகிறவர்கள் எத்தனை பேர்? எதிரே இருப்பது முழு ஆர்க்கெஸ்ட்ராவா, சிறு குழுவா, ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதிலாக இரண்டு பியானோவா? தினமும் எத்தனை மணி நேரம்? வீடியோ பதிவு கொடுப்பார்களா? பதில் வந்ததும் கணக்குப் போடுங்கள். மூன்று மணி நேர ஒத்திகையைப் பன்னிரண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஒரு வாரப் பட்டறையில், பேச்சும் திருத்தமும் போக, உங்கள் கையால் இசை ஒலிக்கும் நேரம் ஒரு மணிக்குச் சற்றே மேல். இந்தக் கணக்கைப் பார்த்தாலே, கற்க வேண்டியதில் பெரும்பகுதியை மும்பையிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும் என்பது விளங்கிவிடும்.

இரண்டு பியானோ என்று பதில் வந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். தொடக்க நாட்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். முழுப் பட்டறையும் பியானோவை வைத்தே என்றால்தான் யோசிக்க வேண்டும்.

3. ஸ்கோர் படிப்பது

மொத்தத் தயாரிப்பில் பாதிக்கு மேல் இதற்குப் போக வேண்டும். பேட்டனை இந்தப் பகுதி முடியும்வரை பெட்டியிலேயே வையுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு பெண் வந்தாள். "சார், நாலு சிம்பொனி எனக்கு மனப்பாடம்" என்றாள். "நல்லதும்மா. அதில் ஒன்றை எடுத்து, இரண்டாவது வயலின் முதல் பத்து பாரில் என்ன வாசிக்கிறது என்று பாடிக் காட்டு" என்றேன். பார் என்பது ஸ்கோரில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள தாள அளவு. மெட்டு வந்தது, இரண்டாவது வயலின் வரவில்லை. ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் எல்லோருக்கும் இதே நிலைதான். பதிவில் எது மேலே கேட்கிறதோ அதுதான் மனத்தில் நிற்கும். மேடையிலோ, எது கேட்கவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

முதல் படி, சரியான பதிப்பு. பட்டறை எந்தப் பதிப்பைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பதிப்புகள் பலவற்றில் பார் எண்கள் இருக்காது. சில இடங்களில் சத்தக் குறிகளும் புதிய பதிப்போடு ஒத்துப்போகாது. அதை வைத்துக்கொண்டு அங்கே "இந்த இடத்திலிருந்து" என்றால் எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. சிறிய ஸ்கோர்கள் தோபி தலாவில் உள்ள ஃபர்ட்டாடோஸ் கடையில் கிடைக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நேரம் பிடிக்கும்.

இரண்டாவது, பென்சிலோடு அமைப்பைப் பிரிப்பது. எந்த பாரில் வாக்கியம் தொடங்குகிறது, எந்த பாரில் முடிகிறது, நான்கு நான்காகப் போகிறதா, நடுவில் ஐந்து வருகிறதா என்று குறித்துக்கொண்டே போங்கள். கலர் பேனாவால் எல்லா இடத்திலும் வட்டம் போடாதீர்கள். மேடை விளக்கில் அவ்வளவும் ஒரே குழப்பமாகத் தெரியும்.

மூன்றாவது, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பாடுவது. கடைசியில் இரண்டு வரிகள்: ஒன்றைப் பாடி, மற்றதைக் கீபோர்டில் வாசியுங்கள். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் இதற்குக் குறுக்குவழி எதையும் நான் கண்டதில்லை.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் பக்கத்தைத் திறந்தால் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆனால் முதல் ஐந்து பாரில் வாசிப்பது நரம்பு வாத்தியங்களும் கிளாரினெட்டுகளும் மட்டுமே. ஹார்ன், டிரம்பெட், டிம்பனி எல்லாம் சும்மா இருக்கின்றன. கிளாரினெட் வரியில் ஏ, ஏ, ஏ, எஃப் என்று எழுதியிருக்கும். அது பி ஃப்ளாட் கிளாரினெட் ஆதலால் ஒலிப்பது ஜி, ஜி, ஜி, ஈ ஃப்ளாட். வயலின் வரியில் எழுதியிருப்பதும் அதுதான். ஆக எல்லோரும் ஒரே சுரங்களில் ஒன்றுசேர்கிறார்கள்.

இரண்டு முறை நிறுத்தி நீட்டும் இடம், அதாவது ஃபெர்மாட்டா, வருகிறது. முதலாவது இரண்டாம் பாரில். அடுத்ததில் அந்தச் சுரம் நான்காம், ஐந்தாம் பார்களில் இணைந்து நிற்கிறது, குறி ஐந்தாவதில் இருக்கிறது. எனவே இரண்டாவது நீட்டல் முதலாவதைவிட நீளமாக இருக்க வேண்டும் என்று எழுதியவரே சொல்லிவிட்டார். புதியவர்கள் இரண்டையும் ஒரே அளவில் நிறுத்துவார்கள். பிறகு ஆறாம் பாரில் மென்மையாக நுழைவது இரண்டாவது வயலின். அடுத்த பாரில் வயோலா, அதற்கடுத்து முதல் வயலின். ஐந்தாம் பாரில் ஒலியை நிறுத்தக் கையை மூடும்போதே பார்வை இரண்டாவது வயலின் பக்கம் போயிருக்க வேண்டும். பழக்கத்தில் முதல் வயலினையே பார்த்துக்கொண்டு நின்றால், நுழைய வேண்டியவர்கள் தாங்களாகத் துணிந்து நுழைய வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு பக்கத்தில் இவ்வளவு இருக்கிறது. ஒரு பட்டறைக்கு மூன்று நான்கு படைப்புகள் கேட்பார்கள். இப்போதே ஏன் தொடங்கச் சொல்கிறேன் என்பது புரியும்.

ஒலிப்பதிவை எப்போது கேட்கலாம்? உங்கள் டெம்போவை, அதாவது வேகத்தை, மெட்ரோனோமோடு முடிவு செய்து, பென்சிலால் ஸ்கோரில் எழுதிய பிறகு. அப்போதும் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்காமல், மூன்று நான்கு பேருடையதைக் கேளுங்கள்.

4. கை

கர்நாடக இசை கற்றுவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு, ஒரு பழக்கத் தடையும் உண்டு. தாளம் அவர்கள் உடம்பில் ஊறியிருக்கும், லயம் நகராது. ஆனால் தாளம் போடும்போது கை தொடையில் விழுந்து நின்றுவிடுகிறது. சுரமும் அடியும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன, ஏனென்றால் பாடுகிறவரும் தாளம் போடுகிறவரும் ஒருவரே. நடத்துநரின் கை சத்தத்துக்கு ஓர் அடி முன்னால் போக வேண்டும். எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம், எப்படிப்பட்ட தொடக்கம் என்பதையெல்லாம் அந்த ஓர் அடி சொல்லிவிட வேண்டும். வாசிக்கிறவர்கள் அதைப் பார்த்து மூச்செடுத்த பிறகுதான் ஒலி பிறக்கும்.

எனவே முதல் பயிற்சி இந்த முன்னசைவு மட்டும்தான். கை மேலெழும்போது நீங்களும் மூச்செடுங்கள். கீழே வந்து புள்ளியைத் தொட்டதும் பந்து துள்ளுவதுபோல் கை மேலே வர வேண்டும். இதை ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்துச் செய்யுங்கள். அவர் வாசிக்கக்கூட வேண்டாம், ஒரு கைதட்டு தட்டினால் போதும். எண்ணிச் சொல்லாமலே அவர் தட்டு உங்கள் புள்ளியில் விழுகிறதா என்று பாருங்கள். வேகத்தை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

மேலே சொன்ன ஐந்தாம் சிம்பொனித் தொடக்கம் இதற்குக் கடினமான பரீட்சை. பாருக்கு இரண்டு எண்ணிக்கை உள்ள 2/4 கணக்கில் இருந்தாலும் கை போடுவது பாருக்கு ஓர் அடிதான், நிமிடத்துக்கு 108 பார் என்று குறிப்பு. பாரின் தொடக்கத்தில் மௌனம், அதன் பிறகுதான் மூன்று சுரங்கள். அரை இடம் தள்ளி எடுப்பு உள்ள கீர்த்தனை பாடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மற்றவர்கள் பயத்தில் மூன்று சுரத்துக்கும் மூன்று குட்டி அடி போடுவார்கள். அப்படிச் செய்தால் குழு எந்த அடியை நம்புவது என்று தெரியாமல் சிதறிவிடும்.

அடுத்து அடிகளின் வடிவம். மூன்றுக்குக் கீழ், வலம், மேல். நான்குக்குக் கீழ், இடம், வலம், மேல். ஒரு வாரத்தில் வந்துவிடும், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடக்கை வலக்கையை நகல் எடுக்காமல் இருப்பதற்குத்தான் மாதங்கள் ஆகும். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு மாதம் பழகுங்கள். பிறகு சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும் அதை முன்னால் கொண்டுவாருங்கள்.

பேட்டன் இப்போது வாங்கலாம். 12 முதல் 16 அங்குலம் வரை நீளத்தில் கிடைக்கும். பிடி உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். விலை உயர்ந்தது தேவையில்லை. பயணத்துக்கு ஒரு கெட்டியான குழாய் உறையும், கூடவே இன்னொரு பேட்டனும் இருக்கட்டும்.

பார்த்தும் கற்கலாம். நரிமன் பாயிண்டில் உள்ள என்சிபிஏ கலை அரங்கத்தில், 2006இல் தொடங்கப்பட்ட சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவின் நிகழ்ச்சிகள் வழக்கமாகப் பிப்ரவரியையும் செப்டம்பரையும் ஒட்டி நடக்கும். நடு வரிசையை விட்டுப் பக்கவாட்டில் டிக்கெட் எடுங்கள், நடத்துநரின் கையும் முகமும் தெரியும். அதே படைப்பின் ஸ்கோரை முன்பே படித்துவிட்டுப் போனால்தான் பலன்.

5. எதிரே வாசிக்க ஆட்களைச் சேர்ப்பது

உயிருள்ள மனிதர்கள் எதிரே இல்லாமல் நடத்தப் பழக முடியாது. ஒலிப்பதிவுக்குக் கை அசைப்பது பின்தொடரும் பழக்கத்தை வளர்த்துவிடும், அதைக் கழற்றுவது பெரும்பாடு.

மும்பையில் முழு ஆர்க்கெஸ்ட்ரா உங்களுக்குக் கிடைக்காது. ஐந்து பேர் கிடைப்பார்கள். மோட்சார்ட்டின் கே. 525 என்ற பட்டியல் எண்ணுள்ள செரினேடை நான் எல்லோருக்கும் சொல்வேன். இரண்டு வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று ஐந்து வரிக்கே எழுதப்பட்டதால் எந்த வாத்தியமும் விடுபடாது. முதல் பகுதி வேகம், இரண்டாவது நிதானம், இரண்டும் ஒரே படைப்பில். டபுள் பாஸ் கிடைக்காவிட்டால் அந்த வரியைக் கீபோர்டில் வாசிக்கலாம்.

தாராவி, சயான் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் பாடகர் குழு இருந்தால் அங்கேயும் கேளுங்கள். நாலு குரலில் பாடும் குழுவை ஒத்திகை பார்ப்பது மிக நல்ல பயிற்சி. பாடகர்களுக்கு மூச்சு கொடுக்கத் தெரிந்தவர் வாத்தியக்காரர்களுக்கும் கொடுப்பார்.

வருகிறவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. ஞாயிறு வைப்பதானால் எந்த ரயில் பாதையில் பராமரிப்புக்கான மெகா பிளாக் என்று சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள். செல்லோவைத் தூக்கிக்கொண்டு குர்லாவில் ஒருவர் மாட்டிக்கொண்டால் ஒத்திகை அவ்வளவுதான். தாள்களைப் பார் எண்ணோடு அச்சிட்டு, ஒட்டி, பக்கம் திருப்பும் இடம் மௌனத்தில் வருகிற மாதிரி நீங்களே தயார் செய்து வையுங்கள். துணி உலர்த்தும் கிளிப் ஒரு டஜன் கொண்டுபோங்கள். நம் ஊர் அறைகளில் மின்விசிறியை நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும், போட்டால் தாள் பறக்கும். ஸ்டாண்டுக்கு இரண்டு கிளிப் என்றால் இரண்டு கவலையும் இல்லை.

6. வீடியோ

கேமரா வாசிக்கிறவர்களின் பக்கம் இருக்க வேண்டும். உங்கள் முகமும் இரண்டு கைகளும் இடுப்புக்கு மேல் முழுதாகத் தெரிய வேண்டும். முதுகுப் பக்கமிருந்து எடுத்ததைத் தேர்வுக்குழு பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

வெட்டி ஒட்டாதீர்கள். ஒரு வேகமான பகுதி, ஒரு நிதானமான பகுதி, முடிந்தால் ஐந்து நிமிட ஒத்திகை. ஒத்திகையில் நீங்கள் ஒன்றைக் கேட்டு, அடுத்த முறை அது மாறி ஒலிப்பது பதிவாகிவிட்டால், கையில் சிறு குறைகள் இருந்தாலும் மதிப்பு கூடும்.

இல்லாத வாத்தியத்துக்குக் கை காட்டாதீர்கள். அறையில் ஐந்து பேர் இருக்க, மூலையில் ஹார்ன் இருப்பதாகப் பாவித்து நுழைவு கொடுத்தால், எதிரே இருப்பவர்களைக் கேட்கவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும். பதிவு செய்யும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள்.

7. விண்ணப்பம்

வீடியோ, சுயவிவரம், ஒரு பக்கக் கடிதம், பரிந்துரைகள். கடிதத்தில் சிறுவயது முதல் இசை ஆர்வம் என்று ஆரம்பிக்க வேண்டாம், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எந்தக் குழுவோடு என்ன வேலை செய்தீர்கள், எங்கே சிக்கல் இருக்கிறது, அங்கே என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று நேராக எழுதுங்கள். பரிந்துரை எழுதுகிறவருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். உங்களை ஒத்திகையில் பார்த்தவர் எழுதுவது, பெரிய பெயர் உள்ளவர் எழுதுவதைவிட உதவும்.

8. பணமும் விசாவும்

இடம் உறுதியானதும் பணம் கட்டுவதற்கு முன், விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுக்கு வங்கியில் அனுப்பும்போது எல்லாக் கமிஷனும் அனுப்புகிறவர் பொறுப்பு என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இடைவங்கி பிடித்தது போகக் குறைவான தொகை போய்ச் சேர்ந்து, கட்டணம் பாக்கி என்று கடிதம் வரும்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளாவது முன்பு கொடுத்தாக வேண்டும். கோடையில் மும்பையில் விசா விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கடினம், ஆகவே அழைப்புக் கடிதம் வந்த வாரமே பதிவு செய்யுங்கள். குறைந்தது 30,000 யூரோ பயணக் காப்பீடு கட்டாயம். எஸ்தோனியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஷெங்கனுக்குள் வரும். இங்கிலாந்துக்குத் தனி விசா. அமெரிக்காவுக்கு எந்த வகை விசா என்பதைப் பட்டறையே எழுதித் தர வேண்டும். சுற்றுலா விசா போதும் என்று தெரிந்தவர் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

9. மேடையில்

ஏறியதும் வணக்கம் சொல்லுங்கள், எந்த பாரிலிருந்து என்று சொல்லுங்கள், தொடங்குங்கள். உங்களைப் பற்றியோ படைப்பைப் பற்றியோ பேச நேரமில்லை.

நிறுத்தினால் காரணம் இருக்க வேண்டும். சொல்லும் வரிசை: யார், எந்த பார், என்ன. "இரண்டாவது ஓபோ, 45ஆம் பார், சற்று மென்மையாக." யார் என்பது முதலில் வந்தால் அவர் மட்டும் நிமிர்வார், மற்றவர்கள் ஓய்வெடுப்பார்கள். எண்ணைச் சொன்ன பிறகு அவர்கள் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நொடி கொடுத்துவிட்டுக் கையைத் தூக்குங்கள்.

நம் பிள்ளைகள் மரியாதையால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னும் பின்னும் மன்னிப்புக் கேட்கிறார்கள். ஒத்திகையில் அது இடைஞ்சல். கேட்டது மாறி வந்தால் தலையசைத்து நன்றி தெரிவியுங்கள், போதும்.

ஊருக்கு ஊர் பெயர்கள் மாறும். அமெரிக்காவில் குவார்ட்டர் நோட் என்பதை இங்கிலாந்தில் குரோச்செட் என்பார்கள். ஜெர்மன் மொழிக்காரர்களுக்கு நம் பி என்பது ஹெச், அவர்கள் பி என்று சொன்னால் அது பி ஃப்ளாட். இத்தாலியில் டோ, ரே, மி. போகும் நாட்டின் வழக்கை முன்பே எழுதி ஸ்கோரின் உள் அட்டையில் ஒட்டிவிடுங்கள்.

ஆசிரியர் நடுவில் நிறுத்தித் திருத்தும்போது விளக்கம் சொல்லாதீர்கள். "சரி" என்று அப்போதே செய்துபாருங்கள். அது உங்கள் கைக்குப் பொருந்துமா என்பதை இரவில் யோசிக்கலாம். பதினைந்து நிமிடத்தில் மூன்றை அவரோடு விவாதத்தில் கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த மூன்று நிமிடத்துக்கும் அவர்கள் பணம் கட்டியிருந்தார்கள்.

10. அன்றிரவும் திரும்பிய பிறகும்

பதிவு செய்த வீடியோவை அன்றிரவே பாருங்கள். முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டு. உங்கள் கையைப் பார்த்தே எங்கே சத்தம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று சொல்ல முடிகிறதா என்று சோதியுங்கள். இரண்டாம் முறை சத்தத்தோடு, ஸ்கோரை மடியில் வைத்துக்கொண்டு. ஆசிரியர் சொன்னதைப் பார் எண்ணோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். "கை பெரிதாக இருக்கிறது" என்று எழுதினால் அடுத்த மாதம் பயன்படாது. "112 முதல் 120 வரை, மென்மையான இடத்தில் கை தோளுக்கு மேல்" என்று எழுதினால் பயன்படும்.

மும்பை திரும்பிய இரண்டு வாரத்துக்குள் அதே ஐந்து பேரை மறுபடி கூட்டி, அதே படைப்பை, நோட்டில் எழுதிய இடங்களிலிருந்து நடத்திப் பதிவு செய்யுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு அந்த வீடியோதான் போக வேண்டும். அதைப் பரிந்துரை எழுதியவருக்கும் அனுப்பிவையுங்கள்.